மேலே எழுத வேண்டாம், கீழே எழுதுவோம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் பொதுக் கோப்புகளை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பது பற்றி, அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி பதில் பகுதி சுருக்கப்பட்டுள்ளது.)

ஆடி ஞாயிறு. கருமாரியம்மன் கோயில் கூட்டத்தைத் தாண்டி இத்தனை பேர் வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். செயலாளர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். அடுத்தது எஸ்.டி.பி. மோட்டார். அதற்காகத்தான் பலர் வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். ஆனால் அந்த மோட்டாருக்கு எவ்வளவு செலவாயிற்று என்று அடுத்த வருடம் யாராவது கேட்டால், பதில் இருக்கப்போவது ஒரு ஷீட்டில்தான். அந்த ஷீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சென்ற வாரம் பொருளாளரோடு உட்கார்ந்து நம் சங்கத்தின் பொதுக் கோப்புகளை எண்ணினேன். மெயின்டனன்ஸ் வசூல், தண்ணீர் லாரிக் கணக்கு, வாடகைக்கு இருப்பவர்கள் விவரம், வண்டி எண்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, விலைப்புள்ளிகள், லிப்ட் ஒப்பந்தம், துணை விதிகள் என்று மொத்தம் 23. இதில் 17 கோப்புகளை, லிங்க் கையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம் என்ற நிலையில் வைத்திருக்கிறோம். அந்த லிங்க் எங்கே இருக்கிறது? வாட்சப் குரூப்பில். அந்த குரூப்பில் இருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் போனில் அந்த லிங்க் இன்னும் இருக்கிறது. போன வருடம் பெயின்ட் அடிக்க வந்த ஒப்பந்ததாரருக்கும் ஒரு லிங்க் போயிருக்கிறது, தன் பில்லைத் தானே பதிவு செய்துகொள்ளட்டும் என்று.

கூகுள் ஷீட்டைத் திறந்தால் மேலே வலது பக்கம் சின்ன வட்டங்கள் தெரியும், கவனித்திருப்பீர்கள். இப்போது யார் யார் பார்க்கிறார்கள் என்று காட்டும் வட்டங்கள். மெயிலில் உள்ளே நுழையாமல் லிங்க் மூலம் வருகிறவர்களுக்குப் பெயர் தெரியாது என்பதால், கூகுள் அவர்களுக்கு ஒரு மிருகத்தின் பெயர் கொடுத்துவிடும். ஒருநாள் ராத்திரி நான் பார்த்தபோது நம் தண்ணீர் லாரிக் கணக்கில் ஓர் ஒட்டகமும் ஒரு நரியும் இருந்தன. தண்ணீர்க் கணக்கில் ஒட்டகத்துக்கு அக்கறை இருப்பது நியாயம்தான். ஆனால் அந்த ஒட்டகம் எந்த வீட்டு எண் என்று யாருக்கும் தெரியாது.

சிரிக்கலாம். ஆனால் சென்ற மே மாதம் நடந்தது சிரிக்கும்படி இல்லை. வீட்டு எண் சொல்லப்போவதில்லை. விவரம் பாதிப் பேருக்குத் தெரியும், முழுதாகத் தெரிந்தவர்கள் குறைவு.

நம்மிடம் 96 வீடு. வசூல் ஷீட்டில் ஏ பிளாக்கில் தொடங்கி டி பிளாக் மாடி வரை வரிசையாகப் பெயர், எதிரே கட்டிய தொகை. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 2,400, மூன்று படுக்கையறைக்கு 3,100. கட்டாதவர்களுக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும். மே மாதம் 11 வீடு பாக்கி. யாரோ ஒருவர் அந்த ஷீட்டைத் திறந்து, தொகை இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டார். பெயர்கள் இருந்த இடத்தில் இருந்தன, தொகைகள் மட்டும் இடம் மாறிவிட்டன. முதலில் எல்லா 2,400-ம் மேலே வந்தன, அடுத்து 3,100 எல்லாம், கடைசியாகக் காலிக் கட்டங்கள். அதாவது பட்டியலின் கடைசியில் இருந்த டி பிளாக் 11 வீடுகளும் பாக்கிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். உண்மையான பாக்கிக்காரர்கள் கட்டியவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட ‘ஷீட் தப்பு சார்’ என்று வந்து சொல்லவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

ஒன்பது நாள் அப்படியே இருந்தது. ஷீட்டைப் பார்த்து லிப்ட் பக்கத்தில் பாக்கிப் பட்டியல் ஒட்டினார்கள். டி பிளாக்கில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுவார். ரசீதை எடுத்துக்கொண்டு கீழே ஆபீஸ் ரூமுக்கு வந்தார். அங்கே இருந்த தம்பி சொன்ன பதில், “அம்மா, ஷீட்ல அப்படித்தான் இருக்கு.” அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அந்த ஷீட் மட்டும்தான். ஆனால் அந்தப் பதிலை யோசித்துப் பாருங்கள். கையில் ரசீது, எதிரே ஷீட், நம்பப்பட்டது ஷீட். அந்த ஷீட்டில் எழுதியது யார் என்று கேட்டால் யாரும் இல்லை.

தவறைக் கண்டுபிடித்ததும் அந்த ஆசிரியைதான். பேரனிடம் போனில் ஷீட்டைத் திறக்கச் சொல்லி மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்திருக்கிறார். “ஏ பிளாக்ல எல்லாருமே 2,400 கட்டியிருக்காங்களே, அதுல மூணு பெட்ரூம் வீடும் இருக்கே, எப்படி?” என்று கேட்டார். முப்பது வருடம் வருகைப் பதிவேடு கூட்டிப் பார்த்த கண் அது. அதன் பிறகுதான் பொருளாளர் ஷீட்டின் வெர்ஷன் ஹிஸ்டரிக்குள் போய்ப் பார்த்தார். எந்த நாள், எத்தனை மணிக்கு மாறியது என்று தெரிந்தது. மாற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயரில்லாதவர் என்று மட்டும் இருந்தது. பழைய நிலைக்கு அப்படியே திருப்பிவிடலாமா என்றால் அதுவும் முடியவில்லை. நடுவில் ஒன்பது நாளில் வந்த 14 வரவுகள் சரியானவை. திருப்பினால் அவையும் போய்விடும். பழைய நிலையைத் தனி நகலாக எடுத்து, 14 வரவுகளையும் ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, மறுபடியும் கையால் ஏற்றினார்கள். ரசீதுப் புத்தகம் இருந்ததால் பிழைத்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா வரவில்லை. பட்டியலைக் கிழித்தாயிற்று, வருத்தமும் தெரிவித்தாயிற்று. ஆனால் லிப்டில் ஏறி இறங்கிய அத்தனை பேரும் ஒன்பது நாள் அந்தப் பெயரைப் படித்திருக்கிறார்கள்.

இனி நான் வேலை பார்த்த உலகத்துக்கு வருகிறேன். அங்கே கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்தப் பிரச்சினைக்கு ஒரு பதில் இருந்தது. நம் அரசு அலுவலகங்களில் கோப்பு எழுதும் முறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர், சென்னை மாகாணக் காலத்தில் வந்தது. கோப்பு என்றால் மெதுவாக நகரும், லஞ்ச் முடிந்து வரச் சொல்வார்கள் என்றுதான் உங்களுக்கு நினைவு வரும். அந்தப் புகாரை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குள் ஒரு நல்ல ஒழுங்கு இருந்தது.

ஒரு கோப்பைப் பிரித்தால் இரண்டு பகுதி. ஒன்று நடப்புக் கோப்பு. வந்த கடிதம், போன கடிதம் எல்லாம் அதில் இருக்கும். மற்றொன்று குறிப்புக் கோப்பு. இந்த விஷயத்தில் என்ன செய்யலாம் என்று அலுவலகத்துக்குள் நடக்கும் பேச்சு முழுவதும் அதில்தான். உதவியாளர் முதலில் எழுதுவார். பத்திக்கு எண், கையொப்பம், தேதி. அதற்குக் கீழே கண்காணிப்பாளர். அதற்கும் கீழே அலுவலர். உதவியாளர் எழுதியது தவறு என்று எனக்குப் பட்டால் அதை நான் அடிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. ‘பத்தி 4-இல் சொல்லியிருப்பது சரியல்ல, காரணம் இது’ என்று கீழே எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரிக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை என்றால் அவரும் கீழேதான் எழுதுவார். பத்து வருடம் கழித்து அந்தக் கோப்பை எடுக்கிறவருக்கு, யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார், யார் மறுத்தார் என்று கதை போலத் தெரியும். தவறாகச் சொன்னவரின் தவறும் அங்கேயே இருக்கும். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியிருந்தால், பழைய வார்த்தை தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். பூசி அழிப்பது என்பது கிடையாது.

வரைவு மட்டும் வேறு. அனுப்பப்போகும் கடிதத்தின் வரைவில் அலுவலர் இஷ்டப்படி அடிப்பார், அம்புக்குறி போடுவார், ஓரத்தில் எழுதுவார். அது அடித்துத் திருத்துவதற்காகவே இருக்கும் தாள். ஆனால் அவர் ஒப்புதல் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் அதுவும் உறைந்துவிடும். பிறகு தூய நகல், இரண்டு பேர் வாய்விட்டுப் படித்து ஒப்புநோக்குதல், அனுப்புகை. அதற்கு மேல் பிழை தெரிந்தால் பழையதைத் தொட மாட்டார்கள். அரசாணையில் ஓர் எண் தவறினாலும், பிழைத்திருத்தம் என்று தனியாக ஒரு தாள் வெளியாகும்.

இந்த எண்ணம் வெள்ளைக்காரர் கொடுத்தது என்று நினைத்துவிட வேண்டாம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே திருவாலங்காடு இருக்கிறது. அங்கே கிடைத்த செப்பேட்டுத் தொகுதி முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தது. பழையனூர் என்ற ஊரைக் கோயிலுக்கு விட்ட ஆணை, 31 ஏடுகள். அத்தனை ஏட்டுக்கும் ஓட்டை போட்டு ஒரு செப்பு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் மூடியிருக்கிறார்கள். நடுவில் ஓர் ஏட்டை உருவி எடுக்கவோ புதிதாக ஒன்றைச் செருகவோ வேண்டுமென்றால் வளையத்தை வெட்ட வேண்டும், வெட்டினால் தெரிந்துவிடும். சோழர் ஆணை ஒன்று ஊருக்கு வந்து சேர்வதற்குள் கேட்டவர், எழுதியவர், ஒப்பிட்டவர், வரிப் புத்தகத்தில் ஏற்றியவர் என்று பல கை மாறும். அந்தந்தக் கைக்குரியவர்களின் பெயர்களையும் சாசனங்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒட்டகம், நரி எல்லாம் அங்கே கிடையாது.

நான் ஓய்வு பெறும் சமயத்தில் மின் அலுவலகம் வந்துகொண்டிருந்தது. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் செய்த இ-ஆபீஸ் மென்பொருள்தான் நம் தலைமைச் செயலகம் முதல் மாவட்ட அலுவலகங்கள் வரை நுழைந்திருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் பயந்துகொண்டே வந்தார்கள், எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்குப் புரியுமா என்று. எங்களுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்தது, ஏனென்றால் அது அதே குறிப்புக் கோப்புதான். அதில் மஞ்சள் குறிப்பு, பச்சைக் குறிப்பு என்று இரண்டு வகை உண்டு. மஞ்சள் என்பது நாம் யோசித்துக்கொண்டே எழுதுவது. மாற்றலாம், வேண்டாமென்றால் தூக்கிப் போடலாம். உறுதி செய்தால் அது பச்சைக் குறிப்பாகும். பச்சைக் குறிப்போடு கோப்பை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டால், எழுதியவரே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா, கோப்பு திரும்பி வரும்போது கீழே இன்னொரு குறிப்பு எழுத வேண்டும்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது முழுவதும் இந்த மஞ்சள், பச்சைக்குள் இருக்கிறது. நம்முடைய 23 கோப்புகளில் எது மஞ்சள், எது பச்சை என்று நாம் இதுவரை யோசித்ததே இல்லை. எல்லாவற்றையும் மஞ்சளாகவே வைத்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் கையெழுத்துப் போட்ட கூட்டக் குறிப்பைக்கூட இன்று ராத்திரி ஒருவர் திறந்து, ‘ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்பதை ‘ஒப்புக்கொள்ளப்படவில்லை’ என்று மாற்றலாம். நாளை காலை நமக்குத் தெரியாது.

காகிதக் கோப்புக்கு இன்னொரு பாதுகாப்பு இருந்தது. அது ஒரு நேரத்தில் ஒரு மேசையில்தான் இருக்கும். நான் எழுதும்போது நீங்கள் எழுத முடியாது. அதே முறையைக் கம்பெனிகள் மென்பொருளில் கொண்டுவந்தார்கள். மைக்ரோசாப்டின் ஷேர்பாயிண்ட் 2001-இல் வந்தது. அதில் செக் அவுட், செக் இன் என்பார்கள். நான் ஒரு கோப்பைச் செக் அவுட் செய்தால் அது என் பெயரில் பூட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்குப் பழைய பிரதி மட்டும் தெரியும். நான் முடித்துத் திருப்பி வைத்த பிறகுதான் அடுத்தவர் தொடலாம். நூலகத்தில் புத்தகம் எடுப்பது மாதிரி. இதில் ஒரு தொல்லை, அது பழைய ஆபீஸிலும் உண்டு. கோப்பைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஒருவர் பத்து நாள் லீவில் போய்விடுவார். ஷேர்பாயிண்டிலும் அப்படியே நடக்கிறது. பிறகு நிர்வாகி வந்து பூட்டை எடுக்க வேண்டும், எடுத்தால் அவர் பாதியில் விட்டது போய்விடும்.

அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதும் முறை பிரபலமானது. ரைட்லி என்ற எழுது செயலியைக் கூகுள் 2006-இல் வாங்கியது, அதிலிருந்து வளர்ந்ததுதான் கூகுள் டாக்ஸ். நான்கு பேர் நான்கு ஊரில் இருந்து ஒரே பக்கத்தில் எழுதலாம். அருமையான வசதி, வெள்ளம் வந்த நாளில் அதன் அருமை தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயத்தில், எந்த வீட்டுக்குப் பால் வேண்டும், எந்த வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டது, யார் வீட்டில் இன்வெர்ட்டர் இன்னும் ஓடுகிறது என்று ஒரே ஷீட்டில் எல்லோரும் எழுதினோம். அன்று யாராவது அனுமதி, பூட்டு என்று பேசியிருந்தால் நானே திட்டியிருப்பேன். அது மஞ்சள் தாள். அப்படித்தான் இருக்க வேண்டும். பொங்கல் விழா வேலைப் பட்டியல், குழந்தைகள் போட்டிப் பெயர்ப் பட்டியல், இவையெல்லாம் திறந்தே இருக்கட்டும். யாராவது தெரியாமல் அழித்தாலும் யாருடைய மானமும் போகாது.

பணம், தீர்மானம், ஆட்களின் சொந்த விவரம். இந்த மூன்றுக்கும்தான் பூட்டு வேண்டும். எப்படிப் பூட்டுவது என்று சொல்கிறேன்.

கூகுளில் மூன்று படிகள் இருக்கின்றன. பார்ப்பவர், கருத்துச் சொல்பவர், திருத்துபவர். நடுவில் இருக்கும் படியை நாம் பயன்படுத்தியதே இல்லை. அதுதான் நம் குறிப்புக் கோப்பு. கருத்துச் சொல்பவர் மூலத்தைத் தொட முடியாது, ஆனால் பக்கத்தில் ‘இந்தத் தொகை தவறு, ரசீது எண் இது’ என்று தன் பெயரோடு எழுதலாம். அதற்குப் பொருளாளர் அங்கேயே பதில் எழுதுவார். வசூல் ஷீட்டில் நம் எல்லோரையும் இந்தப் படியில் வைக்கலாம் என்பது என் யோசனை. ஒரு நிபந்தனை: லிங்க் வைத்திருப்பவர் எல்லோருக்கும் என்று இருப்பதை எடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு மெயில் முகவரி என்று பெயர் பெயராகச் சேர்க்க வேண்டும். வீடு காலி செய்தால் அன்றே நீக்க வேண்டும். கேட் பாஸைத் திருப்பி வாங்குகிறோம் அல்லவா, அதோடு சேர்த்து.

திருத்தும் உரிமை பொருளாளர், இணைச் செயலாளர் இருவருக்கு மட்டும். இன்னொரு சின்ன விஷயம், பலரும் தவற விடுவது. பகிர்வுப் பக்கத்தில் ‘திருத்துபவர்கள் மற்றவர்களையும் சேர்க்கலாம்’ என்று ஒரு டிக் இயல்பாகவே இருக்கும். அதை எடுக்காவிட்டால் இரண்டு பேர் ஆறு மாதத்தில் இருபது பேர் ஆகிவிடுவார்கள்.

தொகை தவறாக ஏறிவிட்டால் அந்தக் கட்டத்தில் மேலேயே மாற்றாமல், கீழே புது வரியில் ‘வரிசை எண் 212-க்குத் திருத்தம்’ என்று கழித்தோ கூட்டியோ எழுத வேண்டும். டேலியில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு இது புதிதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் எல்லாம், ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது என்று பதிவு செய்யும், அந்தப் பதிவை நிறுத்த முடியாத கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் விதி செய்திருக்கிறது. நம் சங்கம் கம்பெனி இல்லை, அந்த விதி நம்மைக் கட்டாது. ஆனால் 96 வீட்டுப் பணம் வருகிறது. நான்கு பேர் நடத்தும் சின்னக் கம்பெனிக்கு இருக்கும் கட்டுப்பாடு நமக்கு இருக்கக் கூடாதா?

மாதம் முடிந்து பத்தாம் தேதி, அந்த மாதத்து ஷீட்டைப் பூட்டி, பி.டி.எஃப். ஆக்கி, இருவரும் கையெழுத்திட்டு, எல்லோருக்கும் மெயிலில் அனுப்ப வேண்டும். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 96 மெயிலில் 96 நகல் போய்விட்டால், பிறகு மூலத்தில் யார் கை வைத்தாலும் பயனில்லை. திருவாலங்காட்டு வளையத்துக்குப் பதில் இது.

கூட்டக் குறிப்புக்கும் அதே வழி. ஏழு நாள் மஞ்சள், எல்லோரும் கருத்துச் சொல்லலாம். எட்டாம் நாள் கையெழுத்து, பச்சை. துணை விதிகளுக்கு இந்த ஏழு நாள்கூடக் கிடையாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி, அதில் மாற்றம் வேண்டுமானால் சிறப்புத் தீர்மானம் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவான பிரதியின் ஸ்கேன் மட்டும் நம் போல்டரில் இருக்க வேண்டும். இப்போது அங்கே வேர்டு கோப்பாக மூன்று துணை விதிகள் இருக்கின்றன: ‘பைனல்’, ‘பைனல் புதுசு’, ‘பைனல் கரெக்டட்’. எதை வைத்து நாய் வளர்ப்புச் சண்டையைத் தீர்ப்பது?

அடுத்து, இந்தக் கோப்புகளுக்கு யார் சொந்தக்காரர்? இப்போதைக்கு நம் போல்டர் முழுவதும், முந்தைய நிர்வாகக் குழுவில் இருந்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒரு நண்பரின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. நல்ல மனிதர், கேட்டால் உடனே உதவுகிறார். ஆனால் அவர் அந்த முகவரியை விட்டுவிட்டால்? இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் முறையைக் கூகுள் 2023 முதல் நடைமுறைப்படுத்துகிறது. சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு, அதற்கு ஆபீஸ் ரூமில் இருக்கும் சங்கத்து சிம், பாஸ்வேர்டு மூடிய கவரில் தலைவரிடம். குழு மாறும் நாளில் சாவிக்கொத்து, செக் புத்தகம், ரசீதுப் புத்தகத்தோடு இதையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களின் ஆதார் நகல்கள் இருக்கும் போல்டரைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. அந்த லிங்க்கை நேற்று இரவே அடைக்கச் சொல்லி, அடைத்தாயிற்று.

கேள்விகள்.

ஏ பிளாக் நண்பர் கேட்டார்: “சார், எல்லாரும் எடிட் பண்ணலாம்னு இருந்தாதானே வெளிப்படை? ரெண்டு பேர் கையில கொடுத்தா அவங்க மாத்தினா யாருக்குத் தெரியும்?”

இதைத்தான் எதிர்பார்த்தேன், நல்ல கேள்வி. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் இருந்து நடக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனாலும் நிற்கிறது. காரணம், ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு என்று ஒன்று இருக்கிறது, அதை வாசகர் எல்லோரும் பார்க்கலாம். கூகுளில் அப்படி இல்லை. திருத்தும் உரிமை இருப்பவர்தான் வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்க்க முடியும். பார்ப்பவருக்கும் கருத்துச் சொல்பவருக்கும் அது தெரியாது. ஆகவே நான் சொன்ன ஏற்பாட்டை அப்படியே செய்தால் உங்கள் பயம் நியாயமாகிவிடும். அதற்காக மூன்றாவதாக ஒருவர் வேண்டும். குழுவில் இல்லாதவர், முடிந்தால் குழுவை அடிக்கடி கேள்வி கேட்பவர். அவருக்குத் திருத்தும் உரிமை கொடுத்து, ஷீட்டின் பக்கங்களை மற்ற இருவர் மட்டும் தொடும்படி பாதுகாப்புப் போட்டுவிடலாம். அவரால் எண்ணை மாற்ற முடியாது, ஆனால் யார் எப்போது மாற்றினார் என்று பார்க்க முடியும். மாதம் ஒருமுறை பார்த்து ஒரு வரி எழுதித் தரட்டும். டி பிளாக் ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

சி பிளாக் சகோதரி கேட்டது: ஷீட்டில் பாதி வரிசைகள் சில நேரம் காணாமல் போய்விடுகின்றன, அதுவும் யாராவது அழிப்பதா?

இல்லை அம்மா. யாரோ தன் பிளாக்கை மட்டும் பார்க்க பில்டர் போடுகிறார். திருத்துபவர் போட்ட பில்டர் எல்லோருக்கும் சேர்த்து மறைத்துவிடும். பில்டர் வியூ என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது போடுகிறவருக்கு மட்டும்தான் மறைக்கும். இனி நம்மில் பெரும்பாலோர் திருத்துபவர் பட்டியலில் இருக்க மாட்டோம் என்பதால் இந்தத் தொல்லையும் குறையும்.

மூத்தவர் ஒருவர்: “எனக்கு மெயில் கிடையாது. பையன் நம்பர்லதான் வாட்சப். நான் எப்படிக் கருத்து எழுதுறது?”

உங்களுக்காக செக்யூரிட்டி மேசையில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வைக்கப்போகிறோம் ஐயா. பக்க எண் போட்டது, தாள் கிழிக்க முடியாத பைண்டு நோட்டு. தேதி, வீட்டு எண் போட்டு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இணைச் செயலாளர் சனிக்கிழமை சாயங்காலம் அதைப் படித்து, ஷீட்டில் உங்கள் பெயரில் கருத்தாக ஏற்றிவிட்டு, நோட்டில் பதிலை உங்கள் எழுத்துக்குக் கீழே எழுதுவார். ரசீதுப் புத்தகமும் கார்பன் நகலோடு தொடரும், அதை நிறுத்தும் பேச்சே இல்லை.

மெயில் இருப்பவர்கள் வரும் ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் ஆபீஸ் ரூமுக்கு வந்து வீட்டுக்கு ஒரு முகவரி கொடுத்துவிட்டுப் போங்கள். பொருளாளரும் நானும் இருப்போம். பகல் பன்னிரண்டு மணிக்குப் பழைய லிங்க் எல்லாவற்றையும் அடைக்கிறோம். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மோட்டார் ஒப்பந்ததாரரின் விலைப்புள்ளி மூன்றும் பின்வரிசையில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.